பொய்ப்பல்லின் மெய்க்கதை

காயல்பட்டினத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருவர், பரப்பு இழுவிசை பற்றிய பாடம் முடிந்த ஒரு நாள் என்னிடம் வந்து ஓர் ஐயம் கேட்டார்.

“சார், நனைந்த ரெண்டு கண்ணாடித் தகடு ஒட்டிக்கிடும்னு சொன்னீங்க. எங்க உம்மாவோட உம்மாவுக்குப் பல்செட் கட்டியிருக்கு. மேல் செட் ஒட்டிக்கிடுது. கீழ் செட் ஆடிக்கிட்டே இருக்கு. அது ஏன் சார்?”

அந்தப் பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. கீழ் செட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கஞ்சியும் பாலில் நனைத்த ரொட்டியுமே உணவு. உடம்பு மெலிந்துவிட்டது. திருமண வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து களரிச் சாப்பாடு உண்பது அவ்வூர் வழக்கம். மற்றவர்களோடு சேர்ந்து மெல்ல முடியாத வெட்கத்தால் அவர் விருந்துகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலுள்ளோர், “வயசாயிட்டுது, இனி என்ன?” என்று விட்டுவிட்டனர்.

மாணவியின் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. பாடநூலில் இல்லாத கேள்வி அது. விடை தேடிப் போனபோது, இயற்பியலும் வேதியியலும் மருத்துவமும் பின்னிப் பிணைந்த ஒரு நீண்ட வரலாறு கிடைத்தது. அதையே இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

தாழியும் வாயும்

முதலில் ஒரு புதிரைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1899ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தார். 2004-இலும் அதன் பின்னரும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை மீண்டும் அகழ்ந்தது. 2500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாழிகளுக்குள் மனித எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தன. இத்தகைய இடங்களில் எலும்பெல்லாம் மக்கி மண்ணாகிவிட்டாலும், பல் மட்டும் எஞ்சி நிற்பதுண்டு. மனித உடலில் பல்லின் மேற்பூச்சான எனாமலைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே.

மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்து நிற்கும் அதே பல், வாய்க்குள் அறுபது ஆண்டுகள் நிற்பதில்லை. ஏன்? வயதுதான் காரணம் என்றால் தாழியிலுள்ள பல் என்றோ கரைந்திருக்க வேண்டுமே! ஆகவே பல்லுக்குப் பகை வயது அன்று. உயிருள்ள வாயில் நடக்கும் வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று காட்டிய முதல் கருவி ஓர் ஒளியியல் கருவியாகும்.

லீவன்ஹூக் கண்ட கிழவர்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்தவர் ஆன்டனி வான் லீவன்ஹூக். தாமே தேய்த்த சிறு வில்லைகளைக் கொண்டு நுண்ணோக்கி செய்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். 1683ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்மையான அழுக்கில் மிகச் சிறிய உயிர்கள் நீந்துவதை அவர் வரைந்து காட்டினார். அதோடு நில்லாமல், வாழ்நாளில் ஒருமுறைகூடப் பல் துலக்காத ஒரு கிழவரின் பல்லழுக்கையும் ஆராய்ந்தார். அதில் அவ்வுயிர்கள் அளவிறந்து மொய்த்தன.

இக்காட்சியின் பொருள் விளங்க இரு நூற்றாண்டுகள் ஆயின. 1890இல் வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பெர்லினில் தாம் நடத்திய ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது என்பது அவர் முடிவு. வாயின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்பதை இன்று நாம் அறிவோம். ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் போதும், சில நிமிடங்களில் அந்த அளவுக்கு இறங்கிவிடும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, தன்னிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு பல்லை மீண்டும் செப்பனிடுகிறது.

முதியவரின் வாயில் இந்தத் தராசு மூன்று வழிகளில் சாய்கிறது. ஈறு கீழிறங்குவதால் எனாமல் இல்லாத வேர்ப் பகுதி வெளியே தெரிகிறது. அது 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட பி.எச். மதிப்பிலேயே, அதாவது மிக மெல்லிய அமிலத்திலேயே, கரையத் தொடங்கிவிடும். இரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் மருந்துகளில் பல உமிழ்நீரைக் குறைக்கின்றன. கை நடுங்குவதால் துலக்குவதும் சரிவர நடப்பதில்லை. 2002–03இல் இந்தியப் பல் மருத்துவ மன்றம் நடத்திய நாடளாவிய ஆய்வில், 65 முதல் 74 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குப் பற்சொத்தை காணப்பட்டது.

உகாய்க் குச்சி

நம் முன்னோர் வாயைப் பேணாதவர் அல்லர். ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவற்றை நாம் அறிவோம். பல் துலக்கும் குச்சியைப் பற்றிச் சரகரும் சுசுருதரும் விரிவாகவே எழுதியுள்ளனர். காயல்பட்டினத்துப் பெரியவர்களின் சட்டைப் பையில் மிஸ்வாக் குச்சி இருக்கக் காணலாம். அரபு நாடுகளோடு நெடுங்கால வணிகம் செய்த ஊர் அது. ஆனால் அந்தக் குச்சியைத் தரும் மரம் நமக்கு அயலானதன்று. சங்க இலக்கியத்தில் பாலை நிலத்து மரமாகப் பேசப்படும் உகாய் அதுவே என்பர். நம் கடற்கரையின் உவர் மண்ணிலும் அது வளர்கிறது. அதன் நார் தூரிகைபோல் விரியும். அதன் சாற்றில் நுண்ணுயிர்களைத் தடுக்கும் கந்தகச் சேர்மம் ஒன்று உண்டு என ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன.

எனினும் குச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை அது எளிதில் எட்டாது. கைவலிமை குன்றியவரால் அதைத் தக்கபடி மென்று பயன்படுத்த இயலாது. பல் இல்லாதவருக்கோ குச்சியால் பயன் ஏது? பல் போன பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகம் கண்ட விடையே பொய்ப்பல்.

சுருள்வில் வைத்த பல்

இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொன் தகட்டால் பற்களைப் பிணைத்துக் கட்டினர். ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் ஒரே மரத்துண்டில் செதுக்கிய பல்செட் கிடைத்துள்ளது. 1538இல் மறைந்த ஒரு பௌத்தத் துறவியம்மையார் அதை அணிந்திருந்தார். ஈறின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்கியதால் அது மேலண்ணத்தில் தானே ஒட்டி நின்றது.

ஐரோப்பாவில் இந்தப் பொருத்தம் கைவரவில்லை. 1728இல் பல் மருத்துவத்துக்கு முதல் பெருநூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார், மேல் செட்டையும் கீழ் செட்டையும் எஃகு வில்லால் இணைத்தார். வில்லின் தள்ளு விசை மேல் செட்டை அண்ணத்தோடு அழுத்திப் பிடித்தது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று இருந்தது. அவரது பல்செட் மரத்தால் ஆனது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், விலங்குப் பற்கள், ஈயம் ஆகியவற்றால் அவருக்குப் பல்செட்கள் செய்யப்பட்டன. வில் விரியாதபடி தாடையை எந்நேரமும் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையில் பேசுவதும் உண்பதும் எவ்வளவு துன்பம் என்று எண்ணிப் பாருங்கள்!

தந்தம் உமிழ்நீரில் ஊறி நாறும். ஆகவே மனிதப் பல்லுக்கே மதிப்பு மிகுந்தது. ஏழைகள் பல்லைப் பிடுங்கி விற்றனர். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்து கிடந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கி எடுத்து வந்தனர். நெடுநாள் வரை இங்கிலாந்தில் இத்தகைய பற்களுக்கு ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயரே வழங்கியது. செல்வரின் வாய்க்கு ஏழையின் பல் சென்ற காலம் அது.

வலி போயிற்று, பல்லும் போயிற்று

நிலைமையை மாற்றியவை இரு கண்டுபிடிப்புகள். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவாகிய நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துவிட்டுத் தம் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் ஈதரின் பயனைப் பாஸ்டன் மருத்துவமனையில் மெய்ப்பித்துக் காட்டினார். அறுவை மருத்துவம் முழுவதற்கும் வழி திறந்துவிட்டவர்கள் பல் மருத்துவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

வலியில்லை என்றதும் மக்கள் துணிந்து பற்களைப் பிடுங்கிக்கொண்டனர். பல்செட் தேவை பெருகிற்று. அதற்கேற்ற பொருளும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் கொம்புபோல் கடினமான ‘வல்கனைட்’ கிடைக்கும்; அவருடைய தம்பி நெல்சன் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஈறின் அச்சை எடுத்து, அந்த அச்சின்மேல் வல்கனைட்டை வார்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தும். வில் தேவையில்லை. விலையும் மலிவு. நடுத்தரக் குடும்பத்தாரும் பல்செட் அணிய முடிந்தது.

ஆனால் காப்புரிமை பெற்ற நிறுவனம் ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் உரிமைக் கட்டணம் கேட்டது. கட்டாதோர்மேல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் பொருளாளர் ஜோசயா பேக்கன் ஊர் ஊராய்ச் சென்று வழக்காடினார். 1879இல் சான்பிரான்சிஸ்கோவில், வழக்கில் சிக்கி நொந்த ஒரு பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றார். முதியோர் உணவை மெல்வதற்கான ஒரு பொருள் யாருக்கு உரியது என்ற சண்டை கொலையில் முடிந்தது!

1930-களின் பிற்பகுதியில் வல்கனைட்டின் இடத்தை அக்ரிலிக் பிளாஸ்டிக் பிடித்தது. ஈறின் நிறத்தையே அதற்கு ஊட்ட முடிந்தது. இன்று நம் ஊர்களில் கட்டப்படும் பல்செட்களில் பெரும்பாலானவை அக்ரிலிக்கே.

மேல் செட்டும் கீழ் செட்டும்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். பல்செட்டுக்கும் ஈறுக்கும் இடையே உமிழ்நீர் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அப்படலத்தின் பரப்பு இழுவிசையும் பாகுநிலையும் இரு பரப்புகளையும் பிரியவிடாமல் பிடிக்கின்றன. செட்டின் ஓரம் சுற்றிலும் நன்கு மூடியிருந்தால் வளி அழுத்தமும் துணை நிற்கிறது. திரவப் படலத்தால் ஒட்டிய இரு வட்டத் தகடுகளைப் பிரிப்பதற்கு வேண்டிய விசையை ஆஸ்திரிய இயற்பியலார் ஸ்டீஃபன் 1874இல் ஆராய்ந்தார். கதிர்வீச்சு விதியில் நாம் படிக்கும் அதே ஸ்டீஃபன்தான். அவர் கண்ட விதிப்படி, தகட்டின் ஆரம் இருமடங்கானால் விசை 16 மடங்காகும். படலத்தின் தடிப்பு பாதியானால் விசை 8 மடங்காகும். ஆகவே பரப்பு அகலமாகவும் இடைவெளி குறுகலாகவும் இருத்தல் வேண்டும்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. அது தாங்கும் பரப்பு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர். கீழ் செட் குதிரை லாடம்போல் குறுகியது. நடுவே நாக்குக்கு இடம் விட வேண்டும். அதன் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர் அளவே. போதாக்குறைக்கு நாக்கும் கன்னமும் அதை ஓயாமல் தள்ளுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. பல் வேர் இல்லாத தாடையெலும்பு, வேலையில்லாத தசையைப்போல் ஆண்டுதோறும் தேய்கிறது. டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் அணிந்தோரை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட முடிவின்படி, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு தேய்கிறது. எலும்பு தேயத் தேய இடைவெளி கூடுகிறது, படலம் தடிக்கிறது, பிடிப்பு விடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் கச்சிதமாக இருந்த செட் இன்று ஆடுவதற்கு இதுவே காரணம். அணிபவர்மேல் குற்றமில்லை. வாய் உலர்ந்தால் படலமே இல்லாமல் போய் மேல் செட்டும் நழுவும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. செட்டின் உட்புறத்தில் புதிய பூச்சு வார்த்து மீண்டும் பொருந்தச் செய்யலாம். சுவீடனில் பிரோனமார்க் 1952இல் முயலின் எலும்பில் டைட்டேனியம் கலத்தைப் பொருத்தி ஆராய்ந்தபோது, அதை எலும்பிலிருந்து பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றியிருக்கக் கண்டார். 1965இல் முதல் மனிதருக்கு டைட்டேனிய வேர்களைப் பொருத்தினார். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு டைட்டேனிய வேர்களை ஊன்றி அவற்றின்மேல் செட்டை மாட்டுவதே சிறந்த தொடக்கச் சிகிச்சை என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். ஆயினும் அதன் செலவு எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டுவதன்று.

நம் நாட்டில்

சீனாவின் ஹூபெய் மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தாவிலும், பின்னர்ச் சென்னை போன்ற நகரங்களிலும் பல் கட்டும் கடைகளை நடத்தின. ‘சீனப் பல் வைத்தியர்’ என்ற பலகையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். தந்தை மகனுக்குக் கற்றுத்தந்த கைத்தொழில் அது.

கல்லூரிக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாள் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமலே ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்து வந்தவர்களுக்கும் அச்சட்டம் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. அதுவே இன்றைய தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. இன்று நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

மருத்துவர்கள் பெருகினர். ஆனால் முதியவர் அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமே! சிறு நகரங்களில் பல் மருத்துவமனை பெரும்பாலும் மாடியில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ளவருக்குப் பதினெட்டுப் படிகள் ஒரு மலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது அடைத்த கதவு.

படுக்கையில் இருப்போர்

பக்கவாதம், நடுக்குவாதம், மறதிநோய் உள்ளோர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளோர் ஆகியோருக்கு வாய்ச் சுத்தம் பிறர் கையில் இருக்கிறது. இது அழகுக்கான காரியமன்று; உயிர் காக்கும் காரியம். 1999இல் லான்செட் இதழில் ஜப்பானிய மருத்துவர் யோனெயாமாவும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 11 முதியோர் இல்லங்களில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செவிலியர் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பல் துலக்கிவிட்டனர். இரண்டு ஆண்டுகளில், அவ்வாறு செய்யப்படாத பிரிவில் 19 விழுக்காட்டினருக்கு நிமோனியா கண்டது. துலக்கிவிடப்பட்ட பிரிவில் 11 விழுக்காட்டினருக்கே கண்டது. விழுங்கும் திறன் குன்றியவர்களின் நுரையீரலுக்கு வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உமிழ்நீரோடு இறங்குகின்றன. லீவன்ஹூக் கண்ட அதே உயிர்கள்!

அதே நாட்டில் 1989இல் ‘80 வயதில் 20 பற்கள்’ என்ற இயக்கம் தொடங்கிற்று. அன்று அது கனவுபோல் தோன்றியது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் 80 வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். பல் விழுவது முதுமையின் விதியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சுவிட்சர்லாந்தில் 1954இல் மின்பிரஷ் உருவானதும் கைகளை எளிதில் இயக்க முடியாத நோயாளிகளை எண்ணித்தான். அது நம்மிடம் இல்லாவிடினும் கவலையில்லை. சைக்கிள் கைப்பிடியின் பழைய ரப்பர் உறையைச் சாதாரண பிரஷ்ஷில் செருகிப் பாருங்கள். பிடி பருத்தால் விரல்கள் இறுக மடங்க வேண்டியதில்லை. நடுங்கும் கையும் அதைப் பற்றும்.

நீங்கள் செய்யத்தக்கவை

பல்செட்டை இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் கூடாது, அக்ரிலிக் உருக்குலையும். செட்டை வெயிலிலும் உலர விடாதீர்கள். படுத்த நிலையில் இருப்பவரின் வாயைச் சுத்தம் செய்யும்போது தலையை உயர்த்தி ஒரு பக்கமாகத் திருப்புங்கள்; நிறைய நீர் விடாதீர்கள். செட் ஆடினால் நீங்களே அரம் கொண்டு தேய்க்க வேண்டாம். வாயில் புண்ணோ வெண்படலமோ இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால், அதிலும் வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ளவராயின், தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயை இவ்வாறு தொடக்கத்திலேயே கண்டுகொள்ள முடியும்.

முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நலப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் பார்க்கின்றனர். அவர்கள் வரும்போது, “பாட்டியின் வாயையும் ஒருமுறை பாருங்கள்” என்று கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.

மாணவியின் வீட்டில் என்ன நடந்தது? நான் சொன்ன விளக்கத்தை அவர் தம் உம்மாவிடம் சொல்ல, தரைத்தளத்தில் இருந்த ஒரு பல் மருத்துவரிடம் பெரியவரை அழைத்துச் சென்றனர். ஈறில் அழுந்திய இடத்தில் பழைய புண் ஒன்று இருந்தது. அது ஆறிய பின் கீழ் செட்டின் உட்புறத்துக்குப் புதுப்பூச்சு வார்த்தனர். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எலும்பு கடினமான பண்டங்களை அவரால் இன்றும் கடிக்க முடியாது. ஆனால் மீனும் சோறும் உண்கிறார். அண்மையில் ஒரு திருமண விருந்தில் சஹனில் உட்கார்ந்ததாக மாணவி வந்து சொன்னார்.

வாசகர்களே, இன்றிரவு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போங்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கட்டிய பல்செட்டைக் கழற்றிப் போட்டிருந்தால், எப்போதிருந்து, ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.